நாலு பேருக்கு அஞ்சு பொட்டலம்

வாங்க போஸ்ட்மாஸ்டர் அய்யா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இப்படிக் கட்டிலில் உட்காருங்க. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, இந்த வெயிலில் ரெண்டு பஸ் மாறி, காங்கேயத்துக்கு வந்து என் வீட்டைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள் என்றால் என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் பையன், என் பொண்ணு. அதுதானே? பேசுவோம். பேசாமல் எங்கே போகிறோம்? அதற்கு முன்னால் ஊட்டிப் பூங்காவில் நடந்ததை என் வாயால் ஒருதரம் கேட்டுவிடுங்க. உங்கள் பையன் குமரவேல் ஒரு மாதிரி சொல்லியிருப்பான். உள்ளே காப்பி போடுகிறாளே என் வீட்டுக்காரி பூவாத்தாள், அவள் வேறு மாதிரி சொல்லுவாள். ரெண்டிலும் நான் கோபக்காரன் என்று வரும். நான் கோபக்காரன் இல்லைங்க. கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், அவ்வளவுதான்.

"ஆமா, அந்தச் சத்தத்துல குன்னூர்ல ரயிலு நின்னு போச்சு!"

கேட்டீங்களா? அடுப்படியில் இருந்தாலும் காது இங்கேதான். விடுங்க.

நான் மாட்டுத் தரகன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூணாங்கிளாசோடு படிப்பு முடிந்தது. ஏன் முடிந்தது என்றால், வாத்தியார் பத்து அடி என்று பிரம்பை எடுத்தார், நான் பேசிப் பேசி ஆறு அடிக்குக் கொண்டு வந்தேன். "இவன் படிக்கிற பையன் இல்லை, சந்தைக்கு அனுப்பு" என்று அவரே எங்கள் அப்பனிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு முட்டினது, உதைத்தது, ஏமாற்றினது எல்லாமே எனக்கு வாத்தியார்தான். கொம்பு பட்ட தழும்பு விலாவில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

இந்தத் துண்டைப் பார்க்கிறீர்கள் அல்லவா, இதுதான் என் தொழில். சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டோம். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் துண்டால் மூடிக்கொள்வோம். உள்ளே விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரல் ஒன்று, மூணு விரல் மூணு, கையை மொத்தமாகப் பிடித்தால் அஞ்சு. நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். சுத்தி நிற்கிறவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் மகள் வாணிக்கு ஆறு வயசிலேயே இந்த வித்தை வந்துவிட்டது. அவள் அம்மா மிட்டாய் கூடாது என்று சொல்லியிருப்பாள். இது மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்காரும், துண்டை இழுத்து ரெண்டு பேர் கையிலும் போடும், என் ரெண்டு விரலைப் பிடிக்கும். ரெண்டு மிட்டாய் வேண்டுமாம். நான் அதன் ஒரு விரலைப் பிடிப்பேன். உடனே அது என்ன செய்யும் தெரியுமா? என் உள்ளங்கை நடுவில் கட்டைவிரலால் ரெண்டு தரம் அழுத்தும். ஒண்ணு, ரெண்டு. "பேச்சு முடிஞ்சுது, இனி நகர மாட்டேன்" என்று அர்த்தம். எந்தச் சந்தையிலும் அப்படி ஒரு குறி கிடையாதுங்க. அது அவளாகக் கண்டுபிடித்தது. உலகத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாற்பது வருஷத் தரகில் என் பேச்சுக்கு மசியாத ஆள் இல்லை. ஆனால் அந்த ரெண்டு அழுத்தலுக்கு எதிரே ஒருநாளும் ஜெயித்ததில்லை.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன்.

வாணிக்கு மூணு இடம் வந்தது. மூணையும் நான் கெடுத்துவிட்டேன் என்பது பூவாத்தாள் கட்சி. முதல் மாப்பிள்ளை வாசலில் இருந்து திண்டு போட்ட இடம் வரைக்கும் நடந்து வந்தான். வலது பின்னங்கால்... வலது கால் லேசாக இழுத்தது. கேட்டேன். புதுச் செருப்பு கடிக்கிறது என்றான். அதற்கு அவன் அப்பா எதற்கு எழுந்திரிக்க வேண்டும்? ரெண்டாவது பையன் வாயைத் திறந்து சிரிக்கவே இல்லை. "தம்பி, சித்தெ சிரிங்க, பல்லைப் பாக்கட்டும்" என்றேன். அதற்கு ஒரு கோபம். மூணாவது இடத்தில் எல்லாம் பேசி முடித்தாயிற்று, கல்யாணத்துக்கு அவர்கள் பக்கம் ஐந்நூறு பேர் வருவார்கள் என்றார்கள். நான் முன்னூற்று ஐம்பதில் ஆரம்பித்தேன். அவ்வளவுதான்.

அந்த மூணாவது இடம் போன மறுநாள் வாணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயசுப் பொண்ணு, விவசாயக் காலேஜில் படித்து முடித்து விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி என் துண்டை இழுத்துக் கையில் போட்டாள். "அப்பா, எல்லாரும் ஒரு நாள் ஊட்டிப் பூங்காவுக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். "எதுக்குக் கண்ணு அம்புட்டுத் தூரம்? பழனி போலாம், சாமியும் கும்பிட்டாப்புல ஆச்சு" என்றேன். உள்ளங்கையில் ஒண்ணு, ரெண்டு. அப்புறம் என்ன செய்வது? போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியாகிவிட்டது. நான், பூவாத்தாள், வாணி, கார் ஓட்ட என் மச்சினன் ரங்கசாமி. நாலே பேர்.

பூவாத்தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லவள்தான், ஆனால் எண்ணிக்கை வராது. நாலு பேருக்கு அஞ்சு பொட்டலம் புளிச்சோறு கட்டியிருந்தாள். "எதுக்கடி அஞ்சு?" என்றேன். "மலைக்காத்துக்குப் பசிக்கும்" என்றாள். என்னத்தைச் சொல்ல?

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது அவள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஒரு பேச்சு. இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் நீங்க ஆருகிட்டயும் விலை பேசக்கூடாது. ஆருகிட்டயும் சண்டை போடக்கூடாது."

"பேசினா?"

"பேசினா, வாணி கல்யாணத்துல நானும் அவளும் சொல்றதுதான். நீங்க பூம்பூம் மாடாட்டத் தலையை ஆட்டறதோட சரி."

"பேசாம இருந்துட்டா?"

"நீங்க காட்டற மாப்பிள்ளை. நாங்க வாயே திறக்க மாட்டோம்."

யோசித்துப் பாருங்க போஸ்ட்மாஸ்டர் அய்யா. ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் பொண்ணு கல்யாணம் முழுக்க என் கையில். இப்படி ஒரு பேரம் எவனுக்குக் கிடைக்கும்? பாவம், அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது. எனக்கே இரக்கமாக இருந்தது. "சரி, முடிஞ்சுது" என்றேன். முன்னால் ரங்கசாமி சிரித்த மாதிரி இருந்தது. "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, வளைவு" என்றான்.

பூங்கா வாசலில் ஒருவன் காரட் விற்றுக்கொண்டிருந்தான். இலையோடு, கட்டுக்கட்டாக. விலை சொன்னான். பூவாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லைங்க, சத்தியமாக. "தம்பி, நான் விலை பேசற ஆள் இல்ல. நீ இன்னொரு தடவை நல்லா யோசிச்சு நீயே சொல்லு" என்றேன். அவன் யோசித்தான். பிறகு காரட்டைப் பார்த்தேன். ஒரு காரட்டைக் கையில் எடுத்தேன். பெருமூச்சு விட்டேன். திரும்பக் கீழே வைத்தேன். அவனாகக் குறைத்துவிட்டான்.

"இது விலை பேசினதுதான்" என்றாள்.

"பேசினது அவன். நான் மூச்சு விட்டேன். மூச்சு விடக்கூடாதுன்னு நீ சொல்லலையே?"

சரி என்று விட்டுவிட்டாள். அவள் அப்படி விட்டது எனக்கே ஆச்சரியம். ஏதோ இன்னும் பெரிதாக வரும் என்று காத்திருக்கிற மாதிரி.

உள்ளே போனோம். பூ இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாம் பார்க்கத்தான், தலையில் வைக்க ஆகாது. ஓரிடத்தில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. ரெண்டு கோடி வருஷமாம். பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பல்லைப் பார்க்காமல் வயசு சொல்கிறவனை நான் நம்புகிறதே இல்லை. நாலு வருஷக் காளையை ரெண்டு வருஷம் என்று என்னிடமே சொன்னவன் உண்டு. ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நடந்தேன். மணி பதினொண்ணு. சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிப்பேன் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போதுதான் பூவாத்தாள், "கண்ணாடி ஊட்டுக்குப் பின்னால போலாம். அங்க நிழலா இருக்கும், உக்காந்து சாப்பிடலாம்" என்றாள். ஜென்மத்தில் அவள் அந்தப் பூங்காவுக்குப் போனதில்லை. ஆனாலும் வலது பக்கம், இடது பக்கம், அப்புறம் படி இறங்கணும் என்று வழி சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். பெண்களுக்கு நிழலை மோப்பம் பிடிக்கிற சக்தி உண்டுங்க.

படி இறங்கினால், புல்.

அய்யா, நான் எப்படிச் சொல்லுவேன்? பச்சைப் பசேலென்று, ஒரு களை இல்லாமல், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் புல். அத்தனை புல்லில் ஒரு மாடு இல்லை! ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை! ஜனங்கள் உருளுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். போதாததற்கு ஒரு பையன் மிஷினை வைத்துத் தள்ளிக்கொண்டே போகிறான், வெட்டின புல் பின்னால் குவிகிறது. எங்கள் பக்கத்தில் அந்த மாசம் எப்படி இருந்தது தெரியுமா? மழை பொய்த்துப்போய் ஒரு கட்டுச் சோளத்தட்டுக்கு மாட்டுக்காரன் ஊர் ஊராக அலைகிறான். கொட்டிலில் மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் சும்மாதான் கேட்டேன். சண்டை இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"தம்பி, இந்தப் புல்லை என்ன பண்ணுவீங்க?"

மிஷினை நிறுத்தினான். "குழியில போட்டு மக்க வைப்போங்க. செடிக்கு உரமாயிரும்."

"மக்க வைப்பியா?"

"ஆமாங்க."

"தின்கிற பொருளை மக்க வைப்பியா?"

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் ஏறியிருக்கலாம்.

"கொஞ்சமா? மரத்துல இருந்த காக்கா பூரா எந்திரிச்சுப் போச்சுங்கண்ணா!"

நீ காப்பியைப் பாரு! பொங்கிவிடப் போகிறது. பார்த்தீங்களா, வந்தவர் முன்னால் மானத்தை வாங்குகிறாள்.

"டேய், நீ மாட்டை எங்கேயாவது பாத்திருக்கியா?" என்றேன்.

"பாத்திருக்கேனுங்க."

"எங்க, பால் பாக்கெட்டு மேலயா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். உங்கள் பையன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "அதுல போட்டிருக்கறது சீமை மாடுங்க. நம்ம காங்கேயம் மாட்டுக்குக் கொம்பே தனி அழகு" என்றான். ஊட்டியில் புல் வெட்டுகிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கண் முன்னால் புல்தான் நிற்கிறது.

"அப்ப மூணு சாக்குக் குடு. எடுத்துட்டுப் போறேன்."

"விதியில இடமில்லீங்க. வெளிய குடுக்கக்கூடாது."

"விதியை எழுதினவனைக் கூப்பிடு!"

"அவர் ரிட்டையர் ஆயிட்டாருங்க."

"மாமா, என்ற காரு புதுசு! புல்லை ஏத்தினா நான் வரலை!" ரங்கசாமி பின்னாலிருந்து கத்துகிறான். ஜனங்கள் கூடிவிட்டார்கள். ரெண்டு பேர் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறதாம் அது, நான் பார்க்கவில்லை. பூவாத்தாள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? புருஷனை வந்து தடுத்தாளா? ஒரு ஓரமாக விரிப்பைப் போட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெகுளி.

எனக்குப் பழக்கம் பாருங்க, பேச்சு முட்டி நின்றால் கை தானாகத் துண்டுக்குப் போகும். சட்டென்று உங்கள் பையன் கையைப் பிடித்தேன், துண்டைப் போட்டு மூடினேன். அவனுடைய மூணு விரலைப் பிடித்தேன். மூணு சாக்கு. அவனுக்கு என்ன தெரியப் போகிறது, மிரண்டு கையை உருவிக்கொள்வான் என்று நினைத்தேன். உருவவில்லை. கையில் நடுக்கமும் இல்லை. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறின கை. நான் அழுத்திப் பிடித்தேன்.

என் உள்ளங்கை நடுவில் ஒரு கட்டைவிரல் வந்தது.

ஒண்ணு. ரெண்டு.

போஸ்ட்மாஸ்டர் அய்யா, காளை முட்டி விழுந்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு மூச்சு நின்றதில்லை.

சுத்திலும் ஜனம். யாருக்கும் ஒன்றும் தெரியாது, துண்டுக்கு அடியில் நடக்கிறது. நான் மெதுவாகத் திரும்பி வாணியைப் பார்த்தேன். அவள் ஒரு செடிப் பக்கத்தில் நின்று அதன் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். நாலு எழுத்துப் பெயர். அதை எவ்வளவு நேரம் படிப்பாள் ஒருத்தி? காது மடல் ரெண்டும் செவசெவ என்று இருந்தது. ஆறு வயசில் மிட்டாய்க்காக அவள் கண்டுபிடித்த குறி. பெற்ற தாய்க்குக்கூட அவள் சொன்னதில்லை. அதை ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றால், அப்புறம் நான் அவன் பல்லைப் பார்த்து என்ன, நடையைப் பார்த்து என்ன?

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பயந்துதான் இருந்தான், நெற்றியெல்லாம் வேர்வை. ஊட்டிக் குளிரில் வேர்வை! ஆனால் கட்டைவிரலை எடுக்கவில்லை.

"சரி. மக்க வை" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். படம் பிடித்தவனுக்குச் சப்பென்று ஆகியிருக்கும். ரங்கசாமி வாயைப் பிளந்து நின்றான். "என்ன மாமா, உடம்புக்கு என்ன?" என்றான். வாழ்க்கையில் நான் பேரத்தைப் பாதியில் விட்டதை அவன் பார்த்ததே இல்லை.

"வெயில்ல நிக்கிற பையன், சாப்பிடச் சொல்லுங்க. ஒரு பொட்டலம் மிச்சம்தான் இருக்குது" என்றாள் பூவாத்தாள். எண்ணிக்கை தெரியாததும் ஒரு நேரத்துக்கு உதவுகிறது, பாருங்க. உட்கார்ந்து சாப்பிட்டான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். சிந்தாமல் சாப்பிட்டான். முடித்த பிறகு தன் இலையோடு நாலு பேர் இலையையும் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டான். போனபோது நடையையும் பார்த்துவிட்டேன், பழக்கம் போகுமா? கால் ரெண்டும் சுத்தம்.

இன்னொரு சங்கதி. அன்றைக்கு உங்கள் பையனுக்கு விடுமுறை நாளாம். அவனே சொன்னான். விடுமுறையிலும் வந்து புல் வெட்டுகிறான், அதுவும் எங்கள் நல்ல நேரத்துக்கு அந்த இடத்திலேயே வெட்டிக்கொண்டிருக்கிறான்! இந்தக் காலத்தில் வேலையில் அப்படி ஒரு பொறுப்பு எவனுக்கு இருக்கிறது? அதை நினைத்தால்தான் எனக்கு மனசு நிறைந்து போகிறது.

இறங்கும்போது காரில் பூவாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, பேச்சு ஞாபகம் இருக்குதா? விலை பேசினீங்க, சண்டையும் போட்டீங்க."

"சண்டை இல்ல. சத்தம்."

"தோத்தீங்களா, இல்லியா?"

வேறு நாளாக இருந்தால் குன்னூர் வரைக்கும் பேசியிருப்பேன். அன்றைக்குப் பேசவில்லை. பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். வாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ குளிருகிற மாதிரி, என் துண்டின் ஒரு முனையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். கையைத் தேடவில்லை. நானும் கொடுக்கவில்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது எனக்கு, மலைப் பாதையில் காற்று ஜாஸ்தி.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? கொஞ்சம் கிட்டே வாங்க, உள்ளே கேட்டுவிடும். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று இவர்கள் ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியாது! நீங்கள் வருவதாக நேற்று பூவாத்தாள் சொன்னபோதுகூட, "அப்படியா, ஆரு அது?" என்று கேட்டேன். அவளும் ஒன்றும் தெரியாமல், "ஆரோ போஸ்ட்மாஸ்டராம்" என்றாள். என்னை ஏமாற்ற இந்தச் சந்தையில் ஆள் பிறக்கவில்லை அய்யா. நான் பார்த்து முடித்த மாப்பிள்ளை இது. துண்டுக்கு அடியில், நானே, என் கையால்.

இதோ காப்பி வந்துவிட்டது. அப்படி வையடி. வாணியை ஏன் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறாய், வரச் சொல்லு. வேண்டாமா? சரி, அங்கேயே நிற்கட்டும்.

"அண்ணங்கிட்ட முன்னூத்தி அம்பதுல ஆரம்பிச்சிறாதீங்க, சொல்லிப்போட்டேன்" என்கிறாள், கேட்டீங்களா? எவ்வளவு பேர் வேண்டுமானாலும் வரட்டும். மலையையே இறக்கிக்கொண்டு வாங்க.

கையைக் கொடுங்க. வலது கை. பயப்படாதீங்க, தபால் முத்திரை குத்தின கை, இதற்கென்ன? துண்டைப் போட்டுக்கொள்கிறேன். வாயால் பேசி எனக்கு நல்லது முடிந்ததே இல்லை, அதனால்தான். விரலை எண்ணாதீங்க, நான் விரல் எதையும் பிடிக்கவில்லை. உள்ளங்கை நடுவில் மட்டும் கவனம் வையுங்க.

ஒண்ணு.

ரெண்டு.

காப்பியைக் குடிங்க சம்பந்தி, ஆறிப்போகும்.